இது எத்தனையாவது நாள் காய்ச்சல்? ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சென்னையில் காய்ச்சல் வார்டுகள் நிரம்பிவிடும். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து முதல்முறையாக அட்டெண்டராக உட்கார்ந்திருப்பவர்கள் கவனித்திருப்பார்கள்: கேஷுவால்டி டாக்டர், ஹவுஸ் சர்ஜன், சிஸ்டர், மறுநாள் ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டர் என்று ஒவ்வொருவரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சது?" நாலாவது ஆள் கேட்கும்போது "அப்பவே சொன்னேனே சார்" என்று எரிச்சல் வரும். வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

டெங்கு, மலேரியா, டைபாய்டு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் (புதரில் இருக்கும் சின்னப் பூச்சி கடித்து வரும் காய்ச்சல்) எல்லாமே முதல் இரண்டு மூன்று நாள் ஒரே மாதிரிதான் இருக்கும். காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, வாந்தி, சாப்பாடு இறங்காமை. எந்த டெஸ்டை எந்த நாளில் எடுப்பது, எந்த நாளில் உஷாராக இருப்பது என்பதெல்லாம் நாள் கணக்கை வைத்துத்தான். ஆகவே வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது.

ஒரு தாள், ஒரு பை

ஒரு தாளில் காய்ச்சல் தொடங்கிய தேதியையும் வேளையையும் எழுதுங்கள். "மூணு நாளா" என்று சொல்லாதீர்கள், "14-ஆம் தேதி ராத்திரி" என்று சொல்லுங்கள். பலர் மாத்திரைக்கு அடங்காமல் போன நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். முதல் இரண்டு நாள் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனது கணக்கில் வராது. விசாரித்தால், "லேசா குளிர் இருந்துச்சு, அதெல்லாம் காய்ச்சலா?" என்பார்கள். அதுதான் காய்ச்சல். அதுதான் முதல் நாள்.

அப்புறம் இதுவரை சாப்பிட்ட மாத்திரைகள். பெயர் நினைவிருக்க வேண்டியதில்லை, அட்டையை அப்படியே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் பிரித்துக் கொடுத்த கலர் மாத்திரைப் பொட்டலமாக இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். அதில் ஆன்டிபயாடிக் இருந்திருந்தால் பிளட் கல்ச்சரில் (ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) கிருமி வளராமல் போகலாம். ஸ்டீராய்டு இருந்திருந்தால் காய்ச்சல் அடங்கியது போலத் தோன்றும், உள்ளே நோய் அதுபாட்டுக்கு நடக்கும். தெருமுனை கிளினிக்கில் "ஒரு ஊசி" போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.

வலி நிவாரணிகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மூன்றும் கூடாது. இவை ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும் போதும். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம், குறைந்தது 6 மணி நேர இடைவெளி. இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் தானாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ரிப்போர்ட்டுகள், சர்க்கரை மாத்திரைச் சீட்டு, முன்பு டெங்கு வந்திருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாம் அதே பையில் இருக்கட்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

மூச்சு வாங்குதல், பிதற்றல் அல்லது அளவுக்கு மீறிய தூக்கம், வலிப்பு, நிற்காத வாந்தி, கடுமையான வயிற்றுவலி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், கறுப்பாக மலம் போவது, 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, கை கால் சில்லிட்டுப் போவது, மஞ்சள் காமாலை, கழுத்து விறைப்பு. இதில் எது இருந்தாலும் எத்தனையாவது நாள் என்று பார்க்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு இவ்வளவு தூரம் போகும்வரை காத்திருக்கவே கூடாது. மற்றவர்கள் முதலில் பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104-இல் கேட்கலாம்.

கேஷுவால்டியில் என்ன சொல்வது

டாக்டர் கேட்கும் கேள்விகள் சில சமயம் சம்பந்தமில்லாதவை போல இருக்கும். "வேலை எங்கே?" "ஊருக்குப் போயிட்டு வந்தீங்களா?" "மழைத் தண்ணியில நடந்தீங்களா?" காய்ச்சலுக்கும் இதற்கும் என்ன என்று நினைக்கலாம். இதோ:

வெள்ளத் தண்ணீரில், அதுவும் காலில் வெடிப்போ புண்ணோ இருக்கும்போது நடந்தவருக்கு எலிக்காய்ச்சல் சந்தேகம் வரும். எலியின் சிறுநீரில் இருக்கும் லெப்டோஸ்பைரா என்ற கிருமி நீர்வழியாகத் தோலுக்குள் புகும். தண்ணீர் வடிந்து ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் தலைகாட்டும். அதற்குள் நாமே அந்த மழையை மறந்திருப்போம். கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே வலிப்பதும், பீளை இல்லாமல் கண் சிவந்திருப்பதும் இதன் அடையாளங்கள். முற்றினால் காமாலையும் சிறுநீரகக் கோளாறும் வரும்.

ஊரில் அறுவடைக்கு, ஆடு மேய்க்க, மலைக்கோயிலுக்கு, புதர் மண்டிய இடத்துக்குப் போனவருக்கு ஸ்க்ரப் டைபஸ். பொங்கலுக்குப் போய்த் திரும்பியவர்களிடம் இந்தக் கேள்வியை விடாமல் கேட்போம். ஊருக்கே போகவில்லை என்பதால் இது இல்லை என்றும் ஆகாது. சென்னைப் புறநகரில் காலி மனையும் புதரும் எலியும் இருக்கும் இடத்திலும் வரும்.

ஒடிசா, சத்தீஸ்கர், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்த தம்பிகளுக்குக் காய்ச்சல் என்றால் ஃபால்சிபரம் மலேரியா நினைவுக்கு வர வேண்டும். மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும் வகை அது. சென்னையின் சொந்தச் சரக்கு வைவாக்ஸ் மலேரியா. இதைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சை கொசு சாக்கடையில் வளராது. மொட்டைமாடித் தொட்டி, மூடாத கிணறு என்று சுத்தமான தண்ணீரைத்தான் தேடும். வடசென்னையில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த நோய், இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. குறைந்துவிட்டதால் டாக்டர்களே மறந்துபோகும் அபாயமும் இருக்கிறது. முன்பு எப்போதாவது மலேரியா வந்து 14 நாள் மாத்திரையைப் பாதியில் விட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வைவாக்ஸ் ஈரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்தும் திரும்பும்.

வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல், தெருவில் யாருக்கு டெங்கு, குடிநீரில் நாற்றம் இருந்ததா, இருமல் தும்மல் உண்டா, மூட்டு வீங்கியதா என்பதெல்லாம் இதே வரிசைதான். இருமலும் தொண்டை வலியும் முன்னால் நின்றால் இன்ஃப்ளூயன்சா, எச்1என்1 பக்கம் யோசிப்போம். மூட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கவே முடியாவிட்டால் சிக்குன்குனியா.

உடம்பு முழுக்கப் பார்க்க விடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தயங்குவது இங்கேதான். நான் இந்தக் கட்டுரையை எழுத முக்கியக் காரணமும் இதுதான்.

ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு. கடித்தது தெரியாது, வலிக்காது, அரிக்காது. கடித்த இடத்தில் சில நாளில் ஒரு சின்னப் புண் தோன்றி, நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த விளிம்புமாக நிற்கும். பீடி நெருப்பால் சுட்டது போல இருக்கும். இது இருந்துவிட்டால் நோயை ஏறக்குறைய அங்கேயே சொல்லிவிடலாம், ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால் அது இருக்கும் இடம்: அக்குள், மார்பகத்துக்குக் கீழே, தொப்புள், அரைஞாண் கயிறு அழுத்தும் இடுப்பு, தொடை இடுக்கு, விதைப்பை, பிட்டம், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள். நோயாளிக்கே தெரியாது. ஈரமான இடத்தில் பொருக்கு உதிர்ந்து வெறும் மஞ்சள் புண்ணாகவும் இருக்கும்.

நெரிசலான வார்டில், திரை இல்லாத கட்டிலில், ஒரு அம்மாவிடம் புடவையை விலக்கச் சொல்லி டாக்டரால் முழுதாகப் பார்க்க முடியாது. பல நேரம் பார்க்கப்படாமலே போகிறது. அதனால் அட்டெண்டராக இருக்கும் மகளோ மருமகளோ மனைவியோ உடம்பைத் துடைத்துவிடும்போது, செல்போன் வெளிச்சத்தில் மேலே சொன்ன இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதுவாவது தெரிந்தால் சிஸ்டரிடம் சொல்லுங்கள். பழைய கொப்புளமாக இருந்துவிட்டுப் போகட்டும், நஷ்டமில்லை. புண் இல்லை என்பதால் நோய் இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது. நிறையப் பேருக்கு அது தெரியாமலே இருக்கும்.

எதற்கு இவ்வளவு ரத்தம்?

"ஒரு டம்ளர் ரத்தம் எடுத்துட்டாங்க" என்பது வார்டில் தினம் கேட்கும் புகார். அவ்வளவு எடுக்க மாட்டார்கள். ஆனால் பிளட் கல்ச்சருக்கு மட்டும் பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வேண்டும். குறைவாக எடுத்தால் கிருமி கிடைக்காது. முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன்னால் எடுப்பதுதான் சரி. நோயாளி ஓரளவு தெம்பாக இருந்து, ஊசி தயாராக இருக்கிறது, கல்ச்சர் எடுக்கவில்லை என்றால், "கல்ச்சர் எடுத்தாச்சா சிஸ்டர்?" என்று பணிவாகக் கேட்கலாம். தப்பில்லை.

டெங்குக்கு, வைரஸின் புரதத்தையே தேடும் என்எஸ்1 பரிசோதனை முதல் 5 நாளுக்குள் நன்றாகக் காட்டும். அதற்குப் பிறகு, உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம். இரண்டாம் நாளில் ஐஜிஎம் எடுத்து "நெகட்டிவ்" என்று நிம்மதியடைவதில் அர்த்தமில்லை. மறுபக்கம், ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம்கூட ரத்தத்தில் தங்கும் என்பதால் பாசிட்டிவ் வந்தது போன காய்ச்சலுடையதாகவும் இருக்கலாம். ஸ்க்ரப் டைபஸ், எலிக்காய்ச்சல் இரண்டின் ஐஜிஎம்மும் ஏறக்குறைய ஒரு வாரம் ஆன பிறகே நம்பத்தகுந்தது. நாள் கணக்கை ஏன் அப்படி நச்சரித்தார்கள் என்று இப்போது புரிந்திருக்கும்.

மலேரியாவுக்குக் கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் இன்றும் அடிப்படை. ஒருமுறை நெகட்டிவ் வந்தால் போதாது. சந்தேகம் தீராவிட்டால் 12 முதல் 24 மணி நேரம் விட்டு மறுபடி பார்ப்பார்கள்.

டைபாய்டுக்கென்று எடுக்கும் வைடால் ரத்த டெஸ்டைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சலுக்கு வைடால் எடுத்து, 1:80 என்று ஒரு எண் வந்து, "டைபாய்டு லேசா இருக்கு" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. டைபாய்டில் லேசு, கனம் என்று கிடையாது. நமக்குப் பழைய தொற்றின் எதிர்ப்புப் பொருளே ரத்தத்தில் கிடக்கும், வேறு காய்ச்சலிலும் அது ஏறும். உண்மையான டைபாய்டுக்கு வழி பிளட் கல்ச்சர். அதுவும் எல்லாரிடமும் பிடிபடாதுதான், ஆனால் வந்தால் எந்த மருந்து வேலை செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்லும். சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இப்போது நம் பகுதி டைபாய்டில் பெரும்பாலும் எடுபடுவதில்லை என்பதால் அந்தத் தகவல் முக்கியம்.

பிளேட்லெட் பயம்

"எவ்வளவு இருக்கு?" என்று வார்டில் ஒருவரை ஒருவர் விசாரிப்பது பணத்தையல்ல, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களை. 1.5 லட்சம் இருக்க வேண்டியது 40,000 என்று வந்ததும் வீடே பப்பாளி இலை அரைக்கக் கிளம்பிவிடும், ரத்த வங்கி வாசலில் ஆள் நிற்கும்.

சற்று நிதானியுங்கள். முதலில், பிளேட்லெட் குறைந்தாலே டெங்கு இல்லை. மலேரியா, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் மூன்றிலும் குறையும். இரண்டாவது, டெங்குவில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பிளேட்லெட் அல்ல. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறி, ரத்த அழுத்தம் விழுவதுதான். அதைக் காட்டுவது சிபிசி (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்) ரிப்போர்ட்டில் பிளேட்லெட்டுக்கு மேலே எங்கோ இருக்கும் பிசிவி அல்லது ஹீமடோக்ரிட் என்ற எண், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. அது தொடக்க அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால் கசிவு நடக்கிறது என்று பொருள். ரத்தக்கசிவு இல்லாதவருக்கு 10,000-க்குக் கீழே போனாலொழியப் பொதுவாகப் பிளேட்லெட் ஏற்றத் தேவையில்லை. "ஏத்துங்க டாக்டர்" என்று வற்புறுத்தாதீர்கள். ஏற்றுவதிலும் ஒவ்வாமை, நீர் கோத்தல் போன்ற தொல்லைகள் உண்டு.

டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் 103 அடிக்கும்போது அல்ல, காய்ச்சல் இறங்கும்போது. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வரும். "காய்ச்சல் விட்டுடுச்சு, வீட்டுக்குப் போறோம்" என்று சீட்டுக் கேட்பவர்களை நாங்கள் விடாப்பிடியாக நிறுத்துவது அதனால்தான். அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் கவனிக்க வேண்டியது.

அந்த நேரத்தில் அட்டெண்டர் செய்ய வேண்டிய வேலை: ஒரு நோட்டில் இரண்டு பத்தி. ஒரு பக்கம் குடித்தது, ஒரு பக்கம் சிறுநீர், நேரத்தோடு. ஓஆர்எஸ், கஞ்சி, மோர், இளநீர் எல்லாம் கணக்கில் வரும். கை கால் சூடாக இருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாலோ, அலைபாய்ந்தாலோ, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடந்தாலோ ரவுண்ட்ஸ் வரட்டும் என்று இருக்காமல் டியூட்டி டாக்டரை எழுப்புங்கள். இன்னொன்று, டிரிப்ஸ் அதிகம் ஏறினால் நல்லது என்று எண்ண வேண்டாம். கசிந்த நீர் திரும்பி வரும் கட்டத்தில் அது நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கும். பாட்டில் முடிந்ததும் அடுத்ததை மாட்டச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள்.

நிலவேம்புக் குடிநீர், பப்பாளிச் சாறு கொடுக்கலாமா என்று தினமும் கேட்கிறார்கள். வாந்தி இருக்கும்போது கசப்பை ஊற்றி இருக்கும் நீரையும் வெளியேற்ற வேண்டாம் என்பதே என் பதில். வாந்தி இல்லாதவர் என்ன கொடுக்கிறோம் என்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும்.

ரிப்போர்ட் வருவதற்கு முன்பே மருந்தா?

ஆமாம், நோய் கடுமையாக இருந்தால் காத்திருக்க முடியாது. செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் டாக்சிசைக்ளினும் (சுருக்கமாக டாக்சி; இரண்டும் ஆன்டிபயாடிக்) சேர்த்துத் தொடங்குவது வார்டில் வழக்கம். முதலாவது டைபாய்டு, எலிக்காய்ச்சல் இரண்டுக்கும் ஆகும். இரண்டாவது ஸ்க்ரப் டைபஸுக்கும் எலிக்காய்ச்சலுக்கும். கர்ப்பிணிகளுக்கு டாக்சிக்குப் பதில் அசித்ரோமைசின். முற்றிய ஸ்க்ரப் டைபஸில் டாக்சி, அசித்ரோ இரண்டையும் நரம்பு வழியாகச் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது.

டாக்சி மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பால், அசிடிட்டி டானிக் ஆகியவற்றோடு சேர்த்து வேண்டாம்.

மருந்து தொடங்கிய பின் காய்ச்சல் இறங்கும் வேகமும் ஒரு தடயம். ஸ்க்ரப் டைபஸ் என்றால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். டைபாய்டு அப்படியில்லை. சரியான மருந்து போனாலும் 5, 6 நாள் இழுக்கும். மூன்றாம் நாளே "இந்த ஆஸ்பத்திரி சரியில்லை" என்று வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதால் கல்ச்சர் ரிப்போர்ட் ஒரு இடத்திலும் நோயாளி ஒரு இடத்திலுமாக இருப்பதுதான் மிச்சம்.

கொசுவும் எலியும் மட்டுமல்ல

மழைக்காலத்தில் எல்லாவற்றையும் டெங்கு என்று பார்க்கும் கண் எங்களுக்கும் வந்துவிடும். நிமோனியா, சிறுநீர்த் தொற்று, கால் செல்லுலைட்டிஸ் (தோலடித் தொற்று), ஈரல் சீழ்க்கட்டி, காசநோய் எல்லாம் அப்போதும் வரத்தான் செய்கின்றன. சர்க்கரை நோயாளிக்குக் காய்ச்சலும் நுரையீரலிலோ ஈரலிலோ சீழுமாக இருந்தால், மண்ணிலும் சேற்றுநீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸையும் தேட வேண்டும். வழக்கமான ஊசிகளுக்கு அது மசியாது.

சேர்த்த நாளில் இல்லாத காய்ச்சல் 48 மணி நேரத்துக்குப் பின் புதிதாக வந்தால் அது வேறு கதை. வென்ஃப்ளான் (டிரிப்ஸுக்காக நரம்பில் பொருத்தும் சின்னக் குழாய்) குத்திய இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் வலிக்கிறதா என்று பாருங்கள். சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா என்று ரவுண்ட்ஸில் கேளுங்கள்.

டெங்கு நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்க வைப்பது அவரைக் காப்பாற்ற அல்ல. அவரைக் கடித்த கொசு அடுத்த கட்டிலுக்குப் போகாமல் இருக்கத்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், எனவே பகலிலும் வலை வேண்டும். தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால் டெங்கு ஒட்டாது.

வீட்டுக்குக் கிளம்பும் நாள்

பாராசிட்டமால் இல்லாமலே 48 மணி நேரம் காய்ச்சல் இல்லை, பசி எடுக்கிறது, சிறுநீர் தாராளமாகப் போகிறது, பிளேட்லெட் ஏறுமுகம். இவை இருந்தால் அனுப்பிவிடுவார்கள்.

வைவாக்ஸ் மலேரியாக்காரர்கள் பிரிமாக்வின் மாத்திரையை 14 நாளும் முடிக்க வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் போனதும் மாத்திரை அலமாரிக்குப் போவதுதான் நடைமுறை. அது மறுபடி வர அழைப்பு. தொடங்குமுன் ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) பரிசோதனை ஆனதா என்று கேளுங்கள். மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் நிறுத்திவிட்டு அன்றே வந்து காட்டுங்கள்.

டெங்கு என்று பதிவானால் மாநகராட்சி ஆட்கள் வீட்டுக்கு வந்து தொட்டி, ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டி, மாடியில் கிடக்கும் டயர் எல்லாம் பார்ப்பார்கள். கதவைத் திறந்துவிடுங்கள். அவர்கள் வராவிட்டால் 1913-இல் புகார் சொல்லலாம்.

இரண்டு மூன்று வாரம் அசதி இருக்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், முடிகூடக் கொட்டலாம், பயப்பட வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டுவையுங்கள். டெங்குவில் நான்கு வகை இருக்கிறது. வேறு வகை மறுமுறை வந்தால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதால், அடுத்த காய்ச்சலில் நாள் கணக்குக்கு அடுத்தபடி டாக்டர் கேட்கப்போவது அந்தச் சீட்டைத்தான்.